கேக்குக்குக் குடை பிடித்த ஆடி வெள்ளி

றோசம்மா தன் மகளின் கலியாணக் கேக்கை அடுக்கி முடித்த அன்று, களப்பில் தோணி வலித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தொடர்மாடியில் அவளுடைய கீழ்வீட்டுக் கண்ணாடிக்குள்ளே அது வெள்ளை வெளேரென்று கோபுரம் மாதிரி நின்றது. ஒரு கொக்கு தன் இனமென்று நினைத்துப் பறந்து வந்து, கண்ணாடியில் சொண்டை இடித்துக்கொண்டு போனது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கீறல் இன்னும் இருக்கிறது.

அந்த வெள்ளையில்தான் றோசம்மாவின் மானம் நின்றது. கலியாணக் கேக் என்றால் வழக்கத்தில் அடுக்கெல்லாம் றெஜிபோம். ரீவிப் பெட்டிக்குள் உடையாமல் வைத்து வருகிற அந்த வெள்ளைப் பஞ்சுக் கட்டிக்கு மேலே ஐசிங் பூசி மேடையில் நிறுத்துவார்கள். சனத்துக்குக் கொடுக்கிற துண்டு வேறாகப் பெட்டிக்குள் வரும். ஊரில் பாதிப் பேருக்கு அப்படிப் பூசிக் கொடுத்தவள் றோசம்மா. தன் மகள் டினுஷாவுக்கு மட்டும் அடியிலிருந்து நுனிவரை உண்மையான கேக் என்று, பிள்ளை தொட்டிலில் கிடந்த காலத்திலேயே மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை டிலுக்ஷனின் மாமி நீர்கொழும்பில் இருந்தாள். ஏன் இந்தக் கஷ்டம், ஹோட்டலில் சொல்லி றெஜிபோமில் ஒன்று கொண்டுவாறன் என்று நாள் தவறாமல் ஃபோன் எடுத்தாள். றோசம்மாவும் நாள் தவறாமல் வேண்டாம் என்றாள். கலியாணம் சனிக்கிழமை பின்னேரம். அதற்குள் கேக்குக்கு ஏதும் நடந்தால் மாமியின் பஞ்சுக் கேக் வந்து மேடையில் ஏறும். மறுகா சாகும்வரை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசி அடுக்கை வைத்துவிட்டு, பெருமையோடு அண்ணாந்து பார்த்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். கேக்குக்கு நேர் மேலே, லைட்டைச் சுற்றிய பழைய கறையில், பலாக்கொட்டை பருமனில் ஒரு துளித் தண்ணி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கறை பல மாதமாக அங்கே இருப்பதுதான். பெயின்ற் அடித்தால் மறையும், பிறகு மெல்ல எட்டிப் பார்க்கும். காய்ந்த கறைதானே என்று அதற்குக் கீழேயே மேசையைப் போட்டிருந்தாள். வீட்டில் ஏசி இருந்த இடம் அது ஒன்றுதான். இனி மேசையை நகர்த்தவும் ஏலாது. ஐசிங்கில் பின்னிய சரிகை வேலை தலைமயிரை விட மெல்லியது. பக்கத்தில் நின்று தும்மினாலே நொறுங்கும்.

துளி விழுந்தது. கேக்கில் இல்லை, அவளுடைய மூக்கில். றோசம்மா போட்ட சத்தத்தில் கல்லடிப் பாலத்தில் போன பஸ் பிரேக் அடித்தது.

மேல்வீட்டு அக்ரம் தான் முதலில் ஓடி வந்தான். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவன், எதற்கும் கையில் ஒரு சாமான் வைத்திருப்பான். அன்றைக்கு அவன் கொண்டுவந்தது சந்தியில் லொத்தர் ரிக்கட் விற்கிற மனிசனின் ராட்சதக் குடை. சிவப்பும் பச்சையும் மாறி மாறி, ஓரத்தில் கோடீஸ்வரராகுங்கள் என்று எழுதியிருந்தது. அதை விரித்து, கதிரையோடு சேர்த்துக் கட்டி, கேக்குக்கு மேலே நிறுத்தினார்கள். குடைக்குக் கீழே கேக் வெயிலுக்கு ஒதுங்கிய மணவாட்டி மாதிரி நின்றது.

அடுத்ததாக வந்தவர் கனகசிங்கம். அக்ரமுக்கு மேல்வீட்டுக்காரர், தொடர்மாடிச் சங்கத்தின் தலைவர், உன்னிச்சைக் குளத்தில் காலமெல்லாம் தண்ணி திறந்துவிட்ட உத்தியோகத்தர். அவர் சொல்லாமல் அந்தக் குளத்தில் ஒரு மீன்கூட முட்டையிடாது என்பது அவருடைய கதை. தலைவரானதிலிருந்து ஒழுக்கை ஒழிப்பதே அவருக்கு வேலை. சொட்டுகிற பைப்புக்கு வொஷர் மாற்றச் சொல்லி வாசல் வாசலாகத் தட்டுவார், தண்ணி மீற்றரில் காதை வைத்துக் கேட்பார். வெளிச்சுவரில் யாருடைய வீட்டுத் தண்ணியும் வடியக் கூடாது என்று சட்டம் போட்டு, அதைப் படிக்கட்டில் ஒட்டியும் வைத்திருந்தார்.

அவர் கறையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். தண்ணி நேரே வராது, வயர் பைப்புக்குள்ளால ஊர்ந்து எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ வந்து நிற்கும், அதால் மேலே இருக்கிற மூன்று வீட்டையும் சோதிக்க வேணும் என்றார். வழியும் அவரே சொன்னார். வீட்டுக்கு ஒரு நிறமாகத் தண்ணியில் கலந்து பாத்றூமில் ஊற்றுவது. எந்த நிறம் இறங்குதோ அந்த வீடு கள்ளன்.

நிறத்துக்கு எங்கே போவது? றோசம்மாவின் அலுமாரியில் ஐசிங் கலர் போத்தல்கள் வரிசையாக நின்றன. அக்ரம் வீட்டுக்கு நீலம். உச்சி வீட்டில் தனியாக இருந்த பாங்க் மனேஜர் ஜெயராஜாவுக்குப் பச்சை. தன் வீட்டில் சோதிப்பது வெறும் சம்பிரதாயம், ஊர் வாயை மூடத்தான் என்று சொல்லிக்கொண்டு கனகசிங்கம் சிவப்பை எடுத்தார். போத்தலை அளவாகப் பாவிக்கச் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றும் வெறும் போத்தலாகத் திரும்பி வந்தன.

ஊற்றினார்கள். அக்ரமின் மனைவி ஸுஹைனா கால் கழுவப் போய் நீலக் காலோடு வந்தாள். ஜெயராஜாவுக்கு விசயத்தைச் சொல்ல எல்லாரும் அயத்து மறந்து போனார்கள். மனிசன் பாத்றூமுக்குள் பச்சைத் தண்ணியைக் கண்டு தனக்குத்தான் ஏதோ வருத்தமென்று பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். களப்பிலே நிறம் நிறமாகக் கோடு விழுந்து, ஆரையம்பதியில் வலை போட்டவருக்கு மூன்று நிறத்தில் மீன் பட்டதாகக்கூட ஒரு பேச்சு அடிபட்டது.

கீழே ஒரு சொட்டும் வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. கனகசிங்கம் தீர்ப்புச் சொன்னார்: கட்டிடம் சுத்தம், இது பழைய ஈரம், குடையை எடுங்க, பார்க்கிற சனம் நம்மட தொடர்மாடியைப் பற்றி என்ன நினைக்கும். றோசம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் உச்சி அடுக்கில் ஐசிங் புறாக்களை வைக்க வேண்டியிருந்தது. குடை இருந்தால் கை எட்டாது. அதை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு முதல் புறாவை வைத்தாள்.

டக்கென்று ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. லைட் அணைந்தது. ஏசி நின்றது. அந்த அமைதியில் மேலே எங்கேயோ தண்ணி நடக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அது இறங்கியது. சொட்டாக இல்லை, ஒரு நூலாக. புறாவின் தலையில் விழுந்து, நாலு அடுக்கிலும் வழிந்து, சரிகையைக் கரைத்துக்கொண்டு மேசைவரை ஓடியது. றோசம்மாவை உலுக்கியது தண்ணி அல்ல, தண்ணியின் நிறம். நீலமில்லை. பச்சையில்லை. சிவப்புமில்லை.

மஞ்சள்.

மஞ்சள் போத்தலை அவள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அது மூடி திறக்காமல் அலுமாரியில் இருந்தது. ஸ்டூலில் நின்றபடியே கையை நீட்டி, வழிந்ததை மணந்து பார்த்தாள். கலரில்லை. நல்ல அரைத்த மஞ்சள், வேப்பிலை மணமும் சேர்ந்து.

அவள் குடையை இழுத்து விரித்துக் கேக்குக்கு மேலே வைத்தாள், மெயின் சுவிட்சை நிறுத்தினாள், படி ஏறினாள். அக்ரமின் வாசலைத் தாண்டும்போது அவனும் ஸுஹைனாவும் அவளுடைய முகத்தைக் கண்டுவிட்டுப் பேசாமல் பின்னால் வந்தார்கள். ஸுஹைனாவின் கால் இன்னும் நீலம்தான்.

கனகசிங்கத்தின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை சித்தாண்டியில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் விளக்கேற்றினால் முருகன் முகம் கொடுக்க மாட்டான் என்று நம்புகிறவள். அன்றைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. மற்ற வெள்ளிகளில் ஒரு வாளி என்றால் அன்று களப்பில் பாதி. வீட்டின் முன் ஹோல் முழுக்க மஞ்சள் தண்ணி மினுங்கியது. சேலையைச் செருகிக்கொண்டு, விளக்குமாறால் அதை மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூலையில், குத்துவிளக்குக்குப் பின்னால், சுவரின் அடியில் ஒரு வட்ட ஓட்டை. தண்ணி அதற்குள் சுழித்துச் சுழித்து இறங்கியது, சந்தோசமாக.

"அக்கா," என்றாள் றோசம்மா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இது என்ன?"

"தண்ணி போற ஓட்டை புள்ள. ஹோலுக்கு ஒண்டும் வைக்காமக் கட்டிப்போட்டானுகள். இவர்தான் துளைச்சித் தந்தவர்."

கனகசிங்கம் பத்திரிகையை மடித்துவிட்டு எழும்பி வந்தார். முகத்தில் ஒரு சலனமுமில்லை, பெருமைகூட இருந்தது. வெளிச்சுவரில் துளைத்திருந்தால் சட்டத்தை மீறினதாகியிருக்கும், அதால் உள்சுவரில் துளைத்தேன் என்றார். உள்ளே வெறும் பொந்து இருந்தது, கழிவுக் குழாய் போகிற இடமாக்கும், தண்ணி கடகடவென்று இறங்கும், கேட்கவே அழகு என்றார்.

அது வயர் போகிற பொந்து, போன வெள்ளித் தண்ணிதான் அதுக்குள்ள தேங்கி நிண்டு அண்டைக்குச் சொட்டியிருக்கு என்று அக்ரம் மெல்லச் சொன்னான்.

றோசம்மா கனகசிங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிசன் தன் கையால் ஓட்டை போட்டு, அதன் சத்தத்தை ரசித்துக்கொண்டு, ஊரெல்லாம் ஒழுக்குத் தேடித் திரிந்திருக்கிறான்.

"இத ஏன் அண்ணன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"இது ஒழுக்கில்லையே தங்கச்சி. இது வடிச்சல். ஒழுக்கெண்டா தண்ணி நம்மட சொல்லுக் கேக்காமப் போறது. இது நாம போகச் சொல்லிப் போற தண்ணி."

"போகச் சொன்னீங்க, சரி. எங்க போகச் சொன்னீங்க?"

உன்னிச்சையில் திறந்துவிட்ட தண்ணி எந்த வாய்க்காலால் போய் எவருடைய வயல் வட்டையில் முடிகிறது என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிசன், குனிந்து, முழங்காலில் நின்று, ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். எழும்பியபோது அவர் குளத்துக் கட்டு உடைந்ததைக் கண்டவர் மாதிரி இருந்தார்.

"எங்கட வீட்டு மஞ்சளா கேக்குக்கு மேல?" என்றாள் சீதேவிப்பிள்ளை. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

எல்லாரும் கீழே இறங்கினார்கள். டினுஷா சேலை பிளவுசை வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். லொத்தர்க் குடைக்குக் கீழே மஞ்சள் வரி வரியாக நின்ற தன் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மாமி ஃபோன் எடுத்தாள். டினுஷாதான் ஃபோனைக் காதில் வைத்தாள்.

ஹோட்டலில் ஒன்று தயாராக இருக்கிறதாம், வானில் ஏற்றவா என்று மாமி கேட்டது ஹோல் முழுக்கக் கேட்டது.

"வேணாம் மாமி. கேக் ரெடி. மஞ்சள் கேக்," என்றாள் டினுஷா.

ஃபோனை வைத்ததும் றோசம்மா, பொய் சொல்லிப்போட்டியே பிள்ளை என்றாள். "பின்னேரத்துக்குள்ள நீங்க அத உண்மையாக்கிப்போடுவீங்க மம்மி," என்றாள் மகள்.

றோசம்மா கத்தியை எடுத்தாள். கறைபட்ட ஐசிங்கைச் சுரண்டினாள், அதற்குக் கீழிருந்த கஜு விழுதையும் சுரண்டினாள். கேக் ஈரப்படாமல் கறுப்பாக, உண்மையாக, உள்ளே இருந்தது. அலுமாரியைத் திறந்தாள். நீலம் முடிந்தது, பச்சை முடிந்தது, சிவப்பு முடிந்தது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு போத்தல். அதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அக்ரம் மேலே போய் ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தான். சீதேவிப்பிள்ளை கீழே இருந்து முட்டை வெள்ளைக்கரு அடித்தாள். இனி வெள்ளியில் துணி நனைச்சுத் துடைக்கிறதோட சரி என்று தன்னுடைய முருகனோடு அடிக்கடி பேசிக்கொண்டாள். கனகசிங்கம் குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டை அடைபட்டுவிட்டது, இனித் தேவையில்லை என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. கை உளைந்தால் மற்றக் கைக்கு மாற்றினார்.

சனிக்கிழமை மண்டபத்தில் கேக் கொன்றைப்பூ நிறத்தில் எரிந்தது. அதன் பக்கத்தில் கோட் சூட் போட்டுக்கொண்டு கனகசிங்கம், கையில் அதே குடை, விரித்தபடி. மண்டபத்தின் மேல்தட்டில் ஒரு கறையைக் கண்டாராம். ஒருவராலும் அவரை அசைக்க முடியவில்லை. கலியாணப் படம் ஒவ்வொன்றிலும் மணமக்களின் தலைக்கு மேலே கோடீஸ்வரராகுங்கள் என்று இருக்கிறது.

மாமி குடையைக் கண்டு திகைத்து நின்றாள். ஆனால் அது ஒன்றுமில்லை. டினுஷாவும் டிலுக்ஷனும் கத்தியை வைத்து அழுத்தினார்கள். பஞ்சில் கத்தி கீச்சிடுகிற சத்தத்துக்குக் காதைக் கூர்ப்பாக்கிக்கொண்டு மாமி காத்திருந்தாள். சத்தமே வரவில்லை. கத்தி மெல்ல, மெல்ல, அடித்தட்டுவரை இறங்கியது.

"உள்ளுக்கும் கேக்கா?" என்றாள் மாமி.