எட்டெழுத்துப் பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் என் தங்கை நிஷாந்தினிக்கு மகள் பிறந்து இருபது நாள். "அண்ணா, நீங்கள் எழுதுற ஆள்தானே. நீளமா, பாடுற மாதிரி ஒரு பேர் சொல்லுங்கோ" என்றாள்.

மதுரகானவாஹினி என்றேன். அவள் அதை இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. அவள் கணவன் பாலகணேஷ் எழுந்து பல்கனிக்குப் போனான்.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: 'பாலகணேஷுக்கு இசை என்றால் என்னவென்றே...' [வெட்டிவிட்டேன்.]

2

அவனுக்கு 'ஸ்ரீஜா' போதும். "ரெண்டே எழுத்து. ஒருத்தரும் பிழையா எழுத ஏலாது."

அடுத்த வரைவில் அவனை எழுத்திலும் மிச்சம் பிடிக்கும் கஞ்சனாக்கினேன். அந்த வரியில் எனக்குப் பெருமை. அவனுக்கே வாசித்துக் காட்டினேன். எழுதுகிறவன் செய்யக்கூடாத காரியம்.

அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், என்ர அக்காவின்ர முழுப்பேர் தெரியுமோ?"

"சுந்தரி."

"திரிபுரசுந்தரி. சண்டை நேரம் செக்பொயின்ற்ல பிடிச்சாங்கள். அடையாள அட்டையில ஒரு ஸ்பெலிங், பொலிஸில குடுத்த வீட்டுப் பதிவில இன்னொண்டு. ரெண்டும் வேற ஆள் எண்டு கொண்டுபோனாங்கள். நாலு நாள். இப்பவும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா அக்கா திரும்பமாட்டா."

(அந்த நான்கு நாளை எழுதத் தொடங்கி 'அறையில் ஒரு மின்விசிறி' வரை வந்தேன். நிறுத்தினேன். அவர் யாருக்கும் சொல்லாததை நான் எப்படி எழுத?)

3

கல்யாணமாகி ஆறு வருடம். நிஷாந்தினிக்கும் இது புதிது. அன்று முழுக்க குழந்தையின் பெயரைப் பற்றி அவள் கதைக்கவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து சுந்தரி அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். மடியில் வாங்கிக்கொண்டு, "என்ன பேர் வைக்கிறியள்?" என்றார். பாலகணேஷ் யன்னலைப் பார்த்தான். நான்தான் அந்த நீளப் பெயரைச் சொன்னேன்.

அக்கா குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"நல்ல பேர்" என்றார். பிறகு, தம்பியைப் பார்த்து, "எதை வைச்சாலும் எல்லா இடத்திலையும் ஒரே மாதிரி எழுது."

4

வியாழக்கிழமை பதிவாளர் அலுவலகம். நான் பாலகணேஷின் பின்னால் நின்றேன். எழுதுநர் சிங்களத்தில் பெயர் கேட்டார். அவன் ஏதோ சொன்னான். "ஆயெத் கியன்ன" என்றார் அவர்: திரும்பச் சொல்லட்டாம். பெயர் நீளமென்றா, அவன் குரல் எழும்பவில்லையென்றா?

[நீளப் பெயருக்கு ஒன்று, ஸ்ரீஜாவுக்கு ஒன்று என இரண்டு முடிவுகளும் எழுதி வைத்திருக்கிறேன். அவன் மகளின் பெயரை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.]

அவன் எழுதுநரிடம் பேனையைக் கேட்டு வாங்கினான். குனிந்து, தானே எழுதினான். எவ்வளவு நேரம் எழுதினான் என்பதை நீங்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.