இரண்டாவது வால்

வால்நட்சத்திரத்துக்கு இரண்டு வால் என்று என் மனைவி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போட்டோக்கடை வைத்திருப்பவள் சொன்னால் படத்தைக் காட்டு என்று கேட்க மாட்டார்களா? ஒரு வாரமாகச் சாயங்காலம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மஞ்சளாக, வளைந்து, ஒரே ஒரு வால்தான்.

“இன்னொண்ணு அடுத்த லோடுல வருதாம்மா?” என்றார் எதிர்த்த பூட்டுக்கடை அண்ணன். அன்றைக்கே அவளுக்கு ‘ரெட்டைவால்’ என்று பெயர் விழுந்தது. படமெடுக்க வருபவர்களே “ரெட்டைவால் கடை எதுங்க?” என்று என் துணிக்கடையில் வந்து விசாரித்தார்கள்.

“நாளைக்கு இது சூரியனோடயே இறங்கிடும். இன்னிக்கு விட்டா விட்டதுதாங்க,” என்று அவள் கேமராவோடு மாடி ஏறினாள். பூட்டுக்கடை விளம்பர விளக்கு கண்ணைக் கூசவைத்தது. மறைப்பாக ஒரு கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணி வியாபாரிக்கு வானத்தில் வேறென்ன வேலை?

இறங்கி வந்து, எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அப்படிச் சேர்த்தால்தான் மங்கலானது துலங்குமாம். நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. வால் ஒன்றுதான், அதுவும் கலங்கலாக.

“ஒண்ணு வித்துப்போச்சு போல,” என்றேன். முறைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடச்சே! குரூப் போட்டோ பழக்கம்! நிக்கிற கூட்டத்தைப் பொருத்தியே ஒட்டிட்டேங்க. நட்சத்திரமெல்லாம் நின்ன இடத்துல நிக்குது, கல்யாணப்பொண்ணு மட்டும் நடந்துக்கிட்டே இருக்கா!”

இந்தத் தடவை வால்நட்சத்திரத்தின் தலைமேல் தலையாக அடுக்கினாள். நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுபட்டன. இழுபடட்டும்! மஞ்சள் வாலுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிசாக, நீலமாக ஒன்று கிளம்பியது. எத்தனையோ துணி கிழித்திருக்கிறேன், இவ்வளவு நேராக ஒரு தடவையும் கிழித்ததில்லை.

காலையில் படம் கடை வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பூட்டுக்கடை அண்ணன் மூக்கு ஒட்ட நின்று பார்த்தார்.

“நீலம் நீ பூசினதா?”

“மஞ்சள் தூசிண்ணே, நீலம் வாயு. இந்தாங்க, ஒட்டாத படம். ஒவ்வொண்ணா பாருங்க. எல்லாத்துலயும் லேசா இருக்கும்.”

புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பழுது கண்டுபிடிக்காமல் ஒரு சரக்கையும் வாங்கியறியாத மனிதர். கூட்டம் சேர்ந்துவிட்டது.

“ரெண்டுதாம்மா,” என்று முனகினார்.

“சத்தமாண்ணே. கடைசிக் கடைக்குக் கேக்கல.”

“ரெண்டு!” என்று அவர் போட்ட கூச்சலில் தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.