ரிசெப்டர்மேல் போட்ட பழி

ஃப்ரீமான்ட்டில் அண்ணன் ஷைன் வாங்கிய வீட்டில் தங்கியிருப்பதற்கு அபிகாயில் கொடுத்த வாடகை, வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா அதையே மறுபடியும் கேட்டாள். ஷைனுக்குப் பேசியிருக்கும் பெண் ஜெபினா, டாலஸில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் பையனின் தங்கையிடம் பேச வேண்டும் என்று போன் பண்ணப் போகிறாளாம். நல்லபடியாக நாலு வார்த்தை சொல், கோகெய்ன் பேச்சை மட்டும் எடுக்காதே என்று நாகர்கோவிலில் இருந்து வந்து இறங்கியவள் உத்தரவு போட்டாள்.

ஷைன் அதை விட்டு நாலைந்து மாதம் ஆகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் மூக்கில் ஏற்றியது சும்மா போய்விடுமா? அபிகாயில் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துப் பார்ப்பதே அதைத்தான். கோகெய்ன் உள்ளே போனால், மனநிலையை ஆளும் செரட்டோனின் மூளையில் தேங்கி நிற்கும். நாளாக ஆக, அதை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர்கள் சில இடங்களில் மந்தமாகும், சில இடங்களில் தொட்டாலே துள்ளும். பொடியை நிறுத்தினால் செரட்டோனின் வற்றிவிடும், ரிசெப்டர்களோ உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. தூக்கம் கெடும், மனசு கசக்கும், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எப்போது சரியாகும் என்று சத்தியம் பண்ண அவளால் முடியாது.

இதைத் தெரியாத்தனமாக ஒருநாள் வீட்டில் விளக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஷைனுக்குக் கொண்டாட்டம். தட்டை வீசினாலும் ரிசெப்டர், தங்கையின் கையை முறுக்கினாலும் ரிசெப்டர். ஆபீஸ் மேனேஜர் முன்னால் மட்டும் அதே ரிசெப்டர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். அதை நினைத்தாலே அபிகாயிலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன் வந்ததும் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். ஷைன் கைகட்டிக்கொண்டு எதிரே நின்றான். ஜெபினா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, போன வாரம் நான் ஏதோ சொல்லிச் சிரிச்சேன்னு அவரு படக்குன்னு போனை கட் பண்ணிட்டாரு. கோவம் வந்தா என்ன பண்ணுவாரு?"

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். இன்றைக்கு உண்மையை விழுங்கினால் நாளைக்கு அந்தப் பெண்ணின் கையும் முறுக்கப்படும் என்று அபிகாயிலுக்குப் பயமாக இருந்தது.

"ஜெபினா, அண்ணன் ரொம்ப நாள் கோகெய்ன் எடுத்தவன். இப்ப விட்டுட்டான். கோவத்த விடல."

ஷைன் போனைப் பிடுங்கிக்கொண்டு தேனொழுகப் பேசினான். அது தன் குணமே இல்லை, செரட்டோனின் ரிசெப்டர் கொஞ்சம் மாறிப்போனதால் வருவது, தங்கையே இதில்தான் டாக்டரேட் வாங்கினாள் என்றான்.

ஜெபினா கேட்டு முடித்தாள். "நானும் போதைய விட வர்றவங்க வார்டுலதான் வேலை பாக்கறேன். ரிசெப்டர் மாறினவங்க எல்லாரும் கத்தறதில்ல, அடிக்கறதில்ல."

போன் பறந்து வந்து அபிகாயிலின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. எல்லாம் உன்னால்தான் என்று ஷைன் கத்தினான். அம்மா ஓடி வந்தாள், மகனிடம்தான்.

கீழே கிடந்த போனில் இன்னும் ஜெபினா இருந்தாள். "அக்கா, அடி பட்டுச்சா?"

இல்லை என்று பழக்கதோஷத்தில் பொய் சொன்னாள் அபிகாயில்.

"எனக்கு வேண்டிய பதில் கிடைச்சிடுச்சு. நீங்க ஏன் இன்னும் அந்த வீட்டுல இருக்கீங்க?"

அபிகாயில் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். முகம் தெரியாத பெண்ணுக்காக அத்தனை பயந்தவளுக்கு, தனக்காகப் பயப்பட இதுவரை தோன்றியதே இல்லை.