சர்வேயர் ஆட்டிய தலை

மகளின் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பகல் பதினொன்று என்றது. சர்வேயரின் உடம்போ பின்னிரவு என்று சாதித்தது. விமானத்தில் பதினான்கு மணி நேரமும் அவர் உருப்போட்டுவந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: "முடியாது." மகள் விரும்பிய பையன் சுரங்க ரயில் ஓட்டுபவன். முப்பது ஆண்டுகள் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவருக்கு, நிலத்துக்கடியில் பிழைப்பவன் மருமகனா?

வழியில் கண்ட நகரமும் அவருக்குப் பிடிபடவில்லை. வண்டியே வராத சாலையோரம் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு ஒரு கூட்டமே சிலையாய் நின்றது. ஒரு நாய் சட்டை அணிந்திருந்தது. அதைப் பிடித்துவந்தவர் அணிந்திருக்கவில்லை. ஊரே தூக்கத்தில் நடப்பதாக அவருக்குத் தோன்றியது.

"அப்பா, கண்ணை மூடிடாதீங்க. அவரோட அப்பா இப்ப வந்துடுவார்."

"வரட்டும். ஒரே வார்த்தையில முடிச்சுடறேன்."

பையனின் தந்தையான பல் வைத்தியர், உலகின் மறுகோடியிலிருந்து அன்றுதான் வந்திறங்கியிருந்தார். "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

'மு' வரையில் சர்வேயர் வந்துவிட்டார். அதற்குள் தலை மார்பில் விழுந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

விழித்தபோது வாயில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது.

"மூணு தடவை தலையாட்டினீங்களேப்பா! மாமா சந்தோஷத்துல அழுதுட்டார்."

"அது தூக்கம்டி!"

"அப்ப நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க."

மாமாவோ சோபாவில் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவது மரியாதையன்று. அவர் எழுந்தபோது சர்வேயரின் குறட்டை தொடங்கியிருந்தது. மூன்று நாட்கள் இப்படியே கழிந்தன. வீட்டிலிருந்த ஒரே போர்வையைப் பையன் ஒருவர்மேலிருந்து எடுத்து மற்றவர்மேல் போர்த்திக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள், விமான நிலையத்துக்குப் பையன் ஓட்டிய ரயிலிலேயே இருவரும் ஏறினர். இருவருக்கும் விழிப்பு! சர்வேயர் தொண்டையைச் செருமினார். அப்போது ரயில் நின்றது. கதவு நிற்கவேண்டிய இடத்தைக் காட்ட நடைமேடையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு நேராகக் கதவு திறந்தது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் சென்று அளவுநாடாவை உருவியது.

"முனையைக் கொஞ்சம் பிடிங்க."

பல் வைத்தியர் பிடித்தார். அடுத்த நிலையத்திலும் பிடித்தார். ஏழு நிலையங்கள் அளந்தாயிற்று.

"நூலிழை பிசகலையே!" என்று முணுமுணுத்தார் சர்வேயர்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?"

நாடாவை நிதானமாகச் சுருட்டியபடி சர்வேயர் சொன்னார்: "ஆமா சம்பந்தி. அன்னிக்கு நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."