மிஞ்சிய அரை இடம்

விடைத்தாள் திருத்தும் முகாமின் நான்காம் நாள், மதியம் இரண்டு மணிக்கு, ஓர் அரை மதிப்பெண் தாளை விட்டு எழுந்து கூடத்துக்குள் பறந்தது. தும்பி அளவு இருந்தது. சிவப்பு மை காய்ந்திருக்கவில்லை.

காரணம் எளியது. மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வின் தாள்களை ஆளுக்குக் காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு என்று திருத்துவார்கள். உள்ளே போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் முகப்புத் தாளின் கட்டத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாதது கூட்டலில் வராது. வேதியியல் டீச்சர் ஒருவர், பாதி சரியாக இருந்த ஒரு சமன்பாட்டுக்கு ஓரத்தில் அரை போட்டார். பேனா முகப்புக்குப் போவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த கேள்வியிலிருந்து தொடர்ந்தார். போக இடம் இல்லாததால் அரை மதிப்பெண் பறந்தது.

அது தன் பேனாவிலிருந்து வந்தது என்று டீச்சருக்கு உறைத்தபோது மாலை ஆகிவிட்டது. தாள்களைக் கட்டி முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். தாளில் பெயரும் இருக்காது, ரகசிய எண்தான். மதிப்பெண் எதுவும் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி என்பதால் முகாம் அதிகாரி ஜன்னல்களை மூடச் சொன்னார். "கூட்டல் சரியா இருக்கு டீச்சர். கட்டத்துல இல்லாததை நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்? முதல்ல உங்க மூக்குக்கண்ணாடியை மாத்துங்க." அவர் பேசிக்கொண்டிருந்தபோது அது அவருடைய வழுக்கையில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

செய்தி வெளியே கசிந்தது. பெற்றோர்கள் ஜன்னல்களுக்குக் கீழே குடையைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் கொசுவலை கொண்டுவந்திருந்தார். முகாம் கலைந்து கூடத்தைப் பூட்டிய பிறகு அவர்களும் கலைந்தார்கள். டீச்சருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய் வந்தார். வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டார். "கொஞ்சம் உட்காரேன், எனக்குத் தலை சுத்துது," என்றார் கணவர். சேர்க்கைப் பட்டியல் முன்னூற்று எழுபத்திரண்டு மதிப்பெண்ணோடு முடிந்தது என்று தெரிந்த அன்று, டீச்சர் போய்க் கூடத்தின் ஒரு ஜன்னலை வெளியிலிருந்து நெம்பித் திறந்தார்.

அது நேராகப் பறந்தது. டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். பேருந்து நிலையத்தைத் தாண்டி, நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து, இயந்திரத்தின் முன் நின்றிருந்த பெண்ணின் இடது தோளில் அது உட்கார்ந்தது. அவள் எடுத்திருந்தது முன்னூற்று எழுபத்தொன்று. அந்தத் தேர்வை ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம்.

டீச்சர் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார். கடை அந்தப் பெண்ணுடைய அம்மாவுடையது. "நல்லா இருக்குங்க. இவ ரெண்டு வருஷம் படிச்சதை நீங்க சாப்பிடப் போற அவசரத்துல விட்டுட்டீங்க," என்றார் அம்மா. அந்தப் பெண் மட்டும், "ஏன் டீச்சர், முழுசா ஒண்ணு போட முடியலையா?" என்று கேட்டாள்.

"நீ ஒரு பக்கம் சமன் பண்ணாம விட்டுட்டேம்மா."

"சரிதான்," என்றாள்.

மூவரும் அதிகாரியிடம் போனார்கள். அரை வந்தால் அதை அடுத்த முழு எண்ணாக்குவது முகாமின் வழக்கம். அப்படிச் செய்தால் அவளுக்கு முன்னூற்று எழுபத்திரண்டு. அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துத் தோளைப் பார்த்தார், டீச்சரின் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார். "அரை இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா முழுசாக்குற அதிகாரம் முகாம் நடக்கும்போது மட்டும்தான். முகாம் கலைஞ்சு நாப்பது நாளாச்சே." முன்னூற்று எழுபத்தொன்றரை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வருடங்கள் அந்த அரை அவள் தோளில் படபடத்தது. எந்த உடையிலும் சிவப்புக் கறை. வாடிக்கையாளர்களின் பத்திரங்களில்கூடச் சில சமயம் ஒரு புள்ளி விழுந்தது. அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. இயந்திரம் ஒரு பக்கத்தை எடுத்து முடிப்பதற்குள் சந்தின் முனைவரை போய்த் திரும்புவாள். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் டீச்சர் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு மருத்துவக் கல்லூரி வரிசையில் நின்றார்.

மூன்றாவது வருடம் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மொத்த இடங்களைப் பிரிவுகளுக்குப் பங்கிடும்போது வருடாவருடம் அரை இடம் மிஞ்சுகிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்லூரி முதல்வர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னூற்று எழுபத்தொன்றுக்கு அதைக் கொடுக்க முடியாது, முன்னூற்று எழுபத்தொன்றரைக்குக் கொடுக்கலாம். அவள் கையெழுத்துப் போட்டபோது தோளிலிருந்த அரை இறங்கிப் பதிவேட்டில் படுத்தது. மை அப்போதுதான் காய்ந்தது.

அரை இடம் என்றால் வகுப்பு மதியம் பன்னிரண்டுக்கு மேல் மட்டும். அந்த நேரத்தில் படித்தது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரும். மறுநாள் காலையில் எதுவும் இருக்காது. முதல் வருடம் எலும்புக்கூட்டில் இடது பக்கம், அடுத்த வருடம் வலது. விரல்களில் எப்போதும் ஜெராக்ஸ் மையின் கறுப்புப் பொடி இருந்ததால் உடன் படித்தவர்கள் அவளை டோனர் என்று கூப்பிட்டார்கள். தேர்வு எல்லோருக்கும் காலை பத்திலிருந்து ஒன்று வரை. முதல் இரண்டு மணி நேரம் அவள் கேள்வித்தாளை வேற்றுமொழித் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள், மேசை அதிரும். பன்னிரண்டு அடித்ததும் எழுதத் தொடங்கி ஒரு மணிக்கு நிறுத்துவாள். ஒவ்வொரு தேர்விலும் ஐம்பது வந்தது. தேற ஐம்பது போதும். ஐந்து வருடப் படிப்பை அவள் பத்து வருடத்தில் முடித்தாள். கடைசித் தேர்வு முடியும்வரை டீச்சர் வாசலில் நடந்துகொண்டிருந்தார். முடிவு வந்த அன்று, அவள் நாற்காலி போட்டுக் கொடுத்தபோது, உட்கார்ந்தார்.

இப்போது அவள் மதியம் கடைக்குப் பின்னறையில் வைத்தியம் பார்க்கிறாள். நல்ல டாக்டர் என்று பெயர். காலையில் கடையில் நிற்கிறாள். ஒருநாள் பதினொன்றரைக்கு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, எந்தக் கடைக்காரரும் செய்வதுபோல ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவர் பிழைத்தார். மற்றவர்களிடம் அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். "பன்னெண்டுக்கு மேல காட்டுங்க. இப்போ அவளுக்கு ஜெராக்ஸ் மட்டும்தான் தெரியும்."

யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ரத்தப் பரிசோதனைத் தாள்களை அவளிடமே கொடுத்து நகல் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. எழுத்து மங்கலாக இருந்தால் கொஞ்சம் கறுப்பாக எடுத்துத் தருகிறாள்.