அஃப்ராவின் பல் நகரவில்லை

பல் டாக்டர் பிரேமலதாவுக்குக் கோபம் வந்தால் பாளையங்கோட்டை கிளினிக்கில் ஏசிகூடச் சத்தமில்லாமல் ஓடும் என்று வேலை செய்பவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அதை அவள் காதுபடச் சொல்ல யாருக்குத் தைரியம்?

அன்றைய கோபத்துக்குக் காரணம் அஃப்ராவின் பற்கள். மேலப்பாளையத்துப் பெண். நிக்காஹ் முடிந்து கணவன் சவூதியிலுள்ள தம்மாமுக்குத் திரும்பிவிட்டான். விசாவும் வந்தாயிற்று, அடுத்த மாதக் கடைசியில் இவளும் விமானம் ஏற வேண்டும். "அதுக்கு முன்னால பல்லுக் கம்பியைக் கழட்டித் தாரேன், இது என் பொறுப்பு" என்று அவளுடைய உம்மாவிடம் பிரேமலதா வாக்குக் கொடுத்திருந்தாள். எத்திக்கொண்டிருக்கும் முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்குமாக இரண்டு பக்கமும் குட்டி ரப்பர் வளையம். சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மாட்டியிருந்தால் பல் சொன்னபடி கேட்கும். இதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரம்ஜான் பெருநாள் கழித்து இன்றைக்கு வந்தவளை அளந்து பார்த்தால், போன முறை நின்ற இடத்திலேயே நிற்கிறது. காலையில் வந்துபோன இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

"ஏட்டி தேன்மொழி! என்ன ரப்பர் வாங்கி வச்சிருக்க? வெயில்ல போட்டு வச்சியா?"

நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு பிரேமலதாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நின்ற இடத்திலிருந்தே மதுரை ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். மட்ட ரப்பரை என் தலையில் கட்டிவிட்டீர்களே, இனி என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று கேட்டாள். பாவம், அந்த மனிதர் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் அஃப்ரா அழுதுகொண்டிருக்கிறாள்.

"நீ எதுக்குட்டி அழுவுத? உன்ன நான் ஒண்ணும் சொல்லலியே."

"அவங்கள ஏசாதீங்க டாக்டர். ரப்பர் நல்ல ரப்பர்தான். நோம்பு முறிஞ்சிருமோன்னு பயந்து நான்தான் பகல்ல மாட்டல. பொழுதடைஞ்சு மஃரிபுக்கு அப்புறம்தான் மாட்டுனேன்."

"மாசம் முழுக்கவா? யாரு சொன்னா உனக்கு?"

அஃப்ராவின் கண் வாசல் பக்கம் போனது. ரிசப்ஷன் மேசையிலிருந்து ஷரீபா பீவி எழுந்து வந்தாள். கிளினிக் திறந்த நாளிலிருந்து இருப்பவள்; எல்லாருக்கும் அக்கா முறையில் 'லாத்தா'. வருகிற பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர் சொல்லைவிட லாத்தா சொல்தான் பெரிது.

"நான்தான் சொன்னேன். போன வருஷம் ஒரு பிள்ளை உங்ககிட்ட இதக் கேட்டுது. 'வைத்தியத்துக்குள்ள நோம்பக் கொண்டாராத'ன்னு சத்தம் போட்டீங்க. அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. அதான் இந்த வருஷம் நானே எல்லாத்துட்டயும் பைய சொல்லிட்டேன், பகல்ல கழட்டிருங்க, ராவு முழுக்க மாட்டுங்கன்னு."

"தேன்மொழி, உனக்கும் தெரியுமா?"

"தெரியும் மேடம். ராவுல அறுந்துட்டா வேணுமேன்னு ஆளுக்கு ஒரு பாக்கெட் கூடக் குடுத்தேன்."

பிரேமலதா உள்பக்கம் கையைக் காட்டிக் கத்தினாள். "கழட்டி மாட்டவே வேண்டாத ஸ்பிரிங் உள்ள அலமாரியில கெடக்கு லாத்தா! நான் ஒருதரம் மாட்டிவிட்டா கம்பியோட கம்பியா அது பாட்டுக்கு இருக்கும். நோம்புக்கும் இடைஞ்சல் இல்ல, பல்லுக்கும் இல்ல. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க ஏசுவீங்க" என்றாள் ஷரீபா பீவி. அதில் குத்தலும் இல்லை, வருத்தமும் இல்லை. வெளியே வெயிலடிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பதில் சொல்ல வாயெடுத்த பிரேமலதா, வருவது ஏச்சாகத்தான் இருக்கும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள். ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினாள். ஆனால் வீணாய்ப்போன மாதத்தை எந்த ஸ்பிரிங்கும் திருப்பித் தராது. வெளியே காத்திருந்த உம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்பியோடுதான் பிள்ளை விமானம் ஏறும், மிச்சத்தைத் தம்மாமில் வேறொரு டாக்டர்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னாள். தன் வேலையை இன்னொருவர் முடித்துவைப்பார் என்று தன் வாயாலேயே சொல்வது அவளுக்கு அவமானமாக இருந்தது. உம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஷரீபா பீவியைப் பார்த்து, "அப்படியா லாத்தா?" என்றாள். லாத்தா தலையசைத்த பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள்.

அவர்கள் போனதும் பிரேமலதா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இனிமே ஏச மாட்டேன். இது மாதிரி எனக்குத் தெரியாம இங்கன வேற என்னென்ன நடக்கு? சொல்லுங்க."

ஷரீபா பீவி தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி ஷரீபா பீவியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.