கடைசி எஸ்

“ஏம்மா, இந்தக் கமா கடைசி எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஸ்டிக்கர் கடை முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எழுத்தை வெட்டி, பின்தாளை உரித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அன்று ஒரு தையல்கடையின் கண்ணாடிக் கதவில் ‘சிஸ்டர்ஸ் டெய்லரிங்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். எல்லா எழுத்தும் ஏறிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளி அந்த எஸ்ஸின் இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார். எழுத்தின் தலைக்கு மேல் போடுகிற கமா மட்டும் என் விரல்நுனியில் ஒட்டியிருந்தது, பாதி நகம்கூட இல்லை.

“எங்கயாவது வைங்க. பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறாங்க?” என்று சிரித்தாள் கடைக்கார அக்கா.

அவளும் அவள் தங்கையும் பதினொரு வருஷம் வேறொருவர் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தைத்தவர்கள். புதுக் கடையை அக்கா தன் பெயரில் எடுத்திருந்தாள். இதில் தான் பங்காளியா, வேலைக்காரியா என்று உள்ளே தைத்துக்கொண்டிருந்த தங்கை அதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பாத்துக்கலாம்டி என்று இரண்டு தடவையும் அக்கா நழுவிவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதற்கு முன் நான் கடைசியாகப் படித்த ஆங்கிலப் பாடம் அந்தக் கமாதான். முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

“முன்னாடி வச்சா கடை ஒருத்தரோடது. பின்னாடி வச்சா ரெண்டு பேரோடதும்.”

உள்ளே மெஷின் நின்றது.

வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். சிஸ்டர்ஸ், சிஸ்டர்ஸ். காதுக்குப் பிடிபடாது. தமிழில் இப்படி ஒளிய முடியாது. அக்காவோட, அக்கா தங்கச்சிங்களோட என்று வாய் திறந்தாக வேண்டும். இங்கே நகர்வது ஒரு எழுத்தின் அகலம்தான். கண்ணாடி, மேசை, இரண்டு மெஷின், பதினொரு வருஷம் எல்லாம் அதன் பின்னால் நகர்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எறும்பின் கனம்கூட இல்லாத ஒன்றை ஏந்திக்கொண்டு விரலை அசைக்காமல் நின்றேன்.

“கமாவே வேணாம்னு விட்டுட்டா?” என்றாள் அக்கா.

“அப்ப யாரோடதுன்னே சொல்லல.”

தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். “நீயே ஒட்டுக்கா.”

அக்கா என் விரலிலிருந்து அதை ஒத்தி எடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. எஸ்ஸுக்கு முன்னால் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

தங்கை நாடாவைக் கழற்றிக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.